களையா, பயிரா? – நாகதாளியின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோர மணல்வெளிகளிலும், மன்னார், அம்பாந்தோட்டை முதலிய வரண்ட பகுதிகளிலும் பற்றைபற்றையாக வளர்ந்து கிடக்கும் நாகதாளியை அறியாதார் இலர். நாகபடத்தை ஒத்த பச்சைத் தட்டுகளும், அவற்றின்மேற் கொத்துக்கொத்தாக அமைந்த முட்களும், மஞ்சட் பூவும், வாயையும் கையையும் செந்நிறமாக்கும் பழமும் அதன் அடையாளங்கள். சிறுவர்கள் அப்பழத்தை மணலிலே உருட்டி, முள் நீக்கித் தின்பதுண்டு. பெரியோர் அதனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. தமிழகத்திற் சப்பாத்திக்கள்ளி எனவும் வழங்கும் இச்செடி பற்றி வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

எனினும், கடந்த ஐந்நூறு ஆண்டுகால உலக வரலாற்றின் முக்கியமான சில கூறுகளை இச்செடியின் வாயிலாகத் தெளிவாகக் காணமுடியும். வணிக ஏகபோகம், குடியேற்ற ஆட்சி, அறிவியலுக்கும் அதிகாரத்துக்குமிடையிலான உறவு, வரண்ட நிலத்து மக்களின் வாழ்வும் சாவும் ஆகிய அனைத்தும் இதனோடு பின்னிப் பிணைந்துள்ளன. ஒரே செடி ஓரிடத்திற் செல்வமாகவும், மற்றோரிடத்திற் சாபமாகவும், வேறோரிடத்தில் உயிர்காக்கும் உணவாகவும் இருந்துள்ளது. இவ்வேறுபாடு செடியின் இயல்பிலிருந்து தோன்றியதா, அன்றேல் அதனைக் கையாண்ட சமூகங்களின் உறவுகளிலிருந்து தோன்றியதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினாவாகும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. பழந்தமிழ்ச் செய்யுட்களிற் பாலை நிலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கள்ளி வேறு, நாகதாளி வேறு. முன்னையது பாலுள்ள சதுரக்கள்ளி முதலியவற்றைக் கொண்ட இனம், இந்நிலத்துக்கு உரியது. பின்னையது அமெரிக்கக் கண்டத்துக்குரிய ஒப்பன்சியா என்னும் சாதியைச் சேர்ந்தது. கொலம்பசு 1492ஆம் ஆண்டு அமெரிக்காவை அடைவதற்கு முன்னர் ஆசியாவில் எவரும் அதனைக் கண்டிருக்க முடியாது. புதிதாக வந்த செடியை நம் முன்னோர் தாம் முன்பே அறிந்திருந்த கள்ளியின் பெயராற் சுட்டினர் என்பதே பொருத்தமாகும்.

செடியின் இயல்பும் பயிர்ச்செய்கையும்

நாகதாளியின் தட்டுகளை இலைகள் என்றே பலர் கருதுவர். உண்மையில் அவை தண்டுகளாகும். ஆவியுயிர்ப்பால் நீர் இழக்கப்படாதிருக்கும் பொருட்டு இலைகள் முட்களாகக் குறுகிவிட, தண்டே பச்சை நிறம்பெற்று ஒளித்தொகுப்பை மேற்கொள்கின்றது. தண்டின் புறத்தே மெழுகுப்படையும், அகத்தே நீரைப் பிடித்துவைக்கும் பசைப்பொருளும் உள்ளன. புதிய தட்டொன்றின் நிறையிற் பத்தில் ஒன்பது பங்களவு நீரே.

இதனினும் சிறப்பான இயல்பொன்று உண்டு. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. அவ்வேளையில் நீரையும் இழக்கின்றன. நாகதாளியோ பகலில் வாய்மூடி, இரவின் குளிர்ச்சியில் வாய்திறக்கின்றது. இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை அமிலமாக மாற்றிச் சேமித்துவைத்து, மறுநாட் பகலொளியில் அதனை உணவாக்குகின்றது. இதனாலேயே மற்றைய பயிர்கள் கருகும் வரட்சியிலும் அது பசுமை குன்றாது நிற்கின்றது.

பயிரிடும் முறையும் எளிதே. முதிர்ந்த தட்டொன்றை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில வாரம் நிழலில் வைத்து, அதன் பாதியளவை மண்ணிற் புதைத்து நிறுத்தினாற் போதும். நீர் தேங்கும் நிலத்தை மட்டும் அது பொறுப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். இளந்தட்டுகளை முள் சீவி மெக்சிக்கோ நாட்டவர் மரக்கறியாகச் சமைக்கின்றனர். சிசிலித் தீவின் கமக்காரர் யூன் மாதத்தில் முதற்பூக்களை உதிர்த்துவிட்டு, இலையுதிர் காலத்தில் வரும் இரண்டாம் போகத்துப் பெரும்பழங்களைப் பெறும் நுட்பத்தை நெடுங்காலமாக அறிந்துள்ளனர். பிரசீலின் வடகிழக்குப் பகுதியிலும் வட ஆபிரிக்காவிலும் முள்ளற்ற இனங்கள் கால்நடைத் தீனியாகப் பெருமளவிற் பயிரிடப்படுகின்றன.

பயிரிடுதற்கு எளிதான இந்த இயல்பே இச்செடியின் பெருமையும் குற்றமுமாகும். ஒடிந்து விழுந்த ஒரு துண்டு எங்கும் வேர்கொள்ளும். பழத்தைத் தின்ற பறவை விதையை எங்கும் பரப்பும். ஆகவே, நட்ட கையின் கட்டுப்பாட்டுக்குள் அது என்றும் அடங்கியிருந்ததில்லை.

பிறந்தகமும் செஞ்சாயமும்

மெக்சிக்கோவின் உயர்நிலங்களே நாகதாளிப் பயிர்ச்செய்கையின் பிறந்தகம். அந்நாட்டின் தெகுவாக்கான் பள்ளத்தாக்குக் குகைகளில் 1960களில் மக்நீசு என்னும் தொல்லியலறிஞர் நடத்திய அகழ்வுகள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இதனை உணவாகக் கொண்டமையை வெளிப்படுத்தின. அசுத்தெக்கு மக்களின் தலைநகரான தெனொச்சித்தித்லான், மரபுக்கதையின்படி 1325ஆம் ஆண்டு, நாகதாளியின்மீது கழுகு அமர்ந்திருந்த இடத்திலே நிறுவப்பட்டது. அந்நகரின் பெயரிலேயே இச்செடியின் பெயர் கலந்துள்ளது. இன்றும் மெக்சிக்கோ நாட்டுக் கொடியின் நடுவே அக்காட்சியைக் காணலாம்.

ஆயின், உலக வணிகத்துக்குள் இச்செடியை இழுத்துவந்தது அதன் பழமன்று. அதன் தட்டுகளில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்னும் சிறுபூச்சியே. வெண்மாப் போன்ற போர்வையுள் அசையாது கிடந்து செடியின் சாற்றை உறிஞ்சும் பெண்பூச்சியின் உடலில், தன்னைத் தின்ன வரும் பிற பூச்சிகளை விலக்கும் பொருட்டு, காமினிக்கமிலம் என்னும் செந்நிறப் பொருள் திரண்டுள்ளது. பூச்சியை உலர்த்தி அரைத்தால் ஒப்பற்ற செஞ்சாயம் கிடைக்கும். ஓர் இறாத்தல் சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 உலர்ந்த பூச்சிகள் தேவைப்பட்டன எனின், அதன் பின்னாலிருந்த மனித உழைப்பை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

ஒவாகாக்கா மாநிலத்தின் மிசுத்தெக்கு, சப்பொத்தெக்கு மக்கள் இப்பூச்சியைக் காட்டிலிருந்து பொறுக்கியவர்களல்லர், வளர்த்தவர்கள். காட்டினத்தினும் பெரிதாகவும், சாயம் மிகுந்ததாகவும் உள்ள வளர்ப்பினமொன்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கியிருந்தனர். தாய்ப்பூச்சிகளைச் சிறு கூடுகளிலிட்டுச் செடியிற் பொருத்துவதும், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காப்பதும், முதிர்ந்தபின் ஒவ்வொன்றாகத் தூரிகையாற் கூட்டியெடுப்பதும் பொறுமைமிக்க குடும்பத் தொழில்களாக விளங்கின. அசுத்தெக்கு அரசுக்குச் செலுத்தப்பட்ட திறைப்பொருள்களுட் கொச்சினீல் மூட்டைகளும் இருந்தமையை 16ஆம் நூற்றாண்டின் மெந்தோசா ஏடு காட்டுகின்றது.

1521ஆம் ஆண்டு தெனொச்சித்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் ஐரோப்பிய நெசவு நிலையங்கள் இச்சாயத்தின் சிறப்பை விரைவில் உணர்ந்தன. ஸ்பானிய அமெரிக்காவின் ஏற்றுமதிகளில் வெள்ளிக்கு அடுத்த பெறுமதியுடைய பண்டங்களுள் ஒன்றாக மெக்சிக்கோவின் கொச்சினீல் உயர்ந்தது. அரசரின் அங்கியும், கர்தினாலின் மேலாடையும், பிற்காலத்தில் ஆங்கிலேயப் படைத்தலைவரின் செஞ்சட்டையும் இதனாற் சாயமூட்டப்பட்டன.

இங்குக் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. 1553ஆம் ஆண்டில் திலாசுக்காலா நகரின் சுதேச சபையோர் கூடி, கொச்சினீல் வளர்ப்பினாற் சாதாரண குடிமக்கள் செல்வம் பெற்று, சோளப் பயிரைக் கைவிட்டு, உயர்குடியினரை மதியாது நடக்கின்றனர் என்று முறையிட்டதாக அச்சபையின் பதிவேடு கூறுகின்றது. புதிய பணப்பயிர் பழைய படிநிலையை அசைத்ததன் அறிகுறி இது. எனினும், அவ்வசைவு நீடிக்கவில்லை. ஸ்பானிய நிருவாகிகள் வணிகரின் முதலைக்கொண்டு சுதேச உற்பத்தியாளருக்கு முற்பணம் கொடுத்து, விளைவைத் தாம் நிர்ணயித்த விலைக்குக் கொள்ளும் முறையை ஏற்படுத்தினர். உற்பத்தி நுட்பம் சுதேசிகளிடமே இருந்தது. இலாபம் மட்டும் கடல் கடந்தது.

ஏகபோகத்தைக் காக்கும் பொருட்டு உயிர்ப்பூச்சியின் ஏற்றுமதியை ஸ்பானியர் தடுத்தனர். காய்ந்த சரக்கை மட்டும் கண்ட ஐரோப்பியர், அது விதையா பூச்சியா என்பதையே நெடுங்காலம் விவாதித்தனர். ஒல்லாந்த அறிஞர் லீவன்ஹூக் முதலியோர் நுணுக்குக்காட்டியின் துணையுடன் அது பூச்சியே என நிறுவினர். 1777ஆம் ஆண்டு தியெரி டி மெனொன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒவாகாக்காவுக்குட் புகுந்து, பூச்சியையும் செடியையும் மறைவாகக் கொணர்ந்து சான் தொமிங்கு தீவிற் சேர்த்தார். 1780ஆம் ஆண்டு அவர் இறந்தபின் அம்முயற்சி தளர்ந்தது.

சென்னையில் ஒரு முயற்சி

பிரெஞ்சுக்காரரைத் தொடர்ந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியும் இத்துறையில் ஆவல் கொண்டது. சென்னையிற் கம்பனியின் மருத்துவத் தலைவராக விளங்கிய யேம்சு அண்டர்சன், 1786ஆம் ஆண்டு அங்குள்ள புல்லொன்றிற் காணப்பட்ட பூச்சியைக் கொச்சினீல் எனக் கருதி, இலண்டனிலிருந்த யோசேப்பு பாங்சுக்கு எழுதினார். அது பயனற்றதென்பது விரைவில் தெளிவாயிற்று. எனினும் அண்டர்சன் ஊக்கம் குன்றவில்லை. சைதாப்பேட்டைக்கு அண்மையில் நாகதாளித் தோட்டமொன்று அமைக்கப்பட்டு, அவருடைய மருகர் அண்ட்ரூ பெரியின் மேற்பார்வையில் விடப்பட்டது. செடி வந்தது; பூச்சி வரவில்லை.

1795ஆம் ஆண்டு கப்டன் நீல்சன் என்பார் பிரசீலின் ரியோ டி ஜனேரோத் துறைமுகத்தில் நாகதாளித் தட்டுகளிற் கண்ட பூச்சிகளைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அங்குத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த உறொக்சுபேர்க் அவற்றை வளர்த்தார். சென்னைக்கும் அவை அனுப்பப்பட்டன. ஆயின், நீல்சன் கொணர்ந்தது ஒவாகாக்கா மக்களின் வளர்ப்பினமன்று. அது தென்னமெரிக்கக் காட்டினம். அதன் சாயம் மட்டமானது. ஐரோப்பியச் சந்தையில் மெக்சிக்கோவின் சரக்கோடு அது போட்டியிட முடியவில்லை.

இத்தோல்வியின் காரணம் சிந்தனைக்குரியது. கம்பனியார் பூச்சியையும் செடியையும் இரு பண்டங்களாகவே கண்டனர். அவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் மூன்றாவது பண்டமாகிய சாயம் தானே பிறக்குமென எண்ணினர். நூற்றாண்டுகளாகத் தேர்ந்த இனமும், அதனை அறிந்த கைகளும் இல்லாமற் செஞ்சாயம் இல்லை என்பதை அவர்கள் உணரவில்லை. உழவரின் அறிவைத் திருடுவது அவரது விதையைத் திருடுவதுபோல் எளிதன்று.

வட இந்தியாவிலோ நாகதாளி வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டது. உப்புவரி ஏய்ப்பைத் தடுப்பதற்காகப் பிரித்தானியர் அமைத்த உண்ணாட்டுச் சுங்கக்கோட்டிற் பல நூறு மைல் நீளத்துக்கு முள்வேலி வளர்க்கப்பட்டது. அவ்வேலியில் இலந்தை முதலியவற்றோடு நாகதாளியும் இடம்பெற்றது. 1879ஆம் ஆண்டு அக்கோடு கைவிடப்படும்வரை, ஏழையின் உப்புக்கும் அவனுக்குமிடையே நின்ற முள்வேலிகளுள் இச்செடியும் ஒன்றாயிருந்தது.

சாயத்திலிருந்து களையழிப்புக்கு

நீல்சனின் பூச்சி சாயத் தொழிலிற் பயன்படவில்லையாயினும், எவரும் எதிர்பாராத வேறொன்றைச் செய்தது. தான் ஏறிய நாகதாளியை அது அடியோடு அழித்தது. இந்தியாவிற் பரவியிருந்த ஒப்பன்சியா மொனகாந்தா என்னும் இனம் அதன் தாக்குதலைத் தாங்காது பட்டுப்போயிற்று. இதனைக் கண்ட அதிகாரிகள் 1836ஆம் ஆண்டுக்கும் 1838ஆம் ஆண்டுக்குமிடையே, அச்செடியை ஒழிக்கும் நோக்குடனேயே, பூச்சியைத் தென்னிந்தியாவிற் பரப்பினர். 1860களில் அது தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்டு இங்கும் அவ்வாறே செயற்பட்டது. களையொன்றை அழிப்பதற்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உயிரியொன்றை வேண்டுமென்றே கொண்டுசென்று வெற்றிகண்ட முதல் நிகழ்ச்சியாக இதனை உயிரியற் கட்டுப்பாட்டு நூலார் குறிப்பிடுவர். உலக வேளாண்மை அறிவியலின் தொடக்க அத்தியாயமொன்று நம் நாட்டிலே எழுதப்பட்டது என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தியாகும்.

1896ஆம் ஆண்டு, இலங்கையிற் பணியாற்றிய பூச்சியியலறிஞர் கிறீன் இப்பூச்சியை விவரித்து, அதற்கு இலங்கையின் பெயராற் சிலோனிக்கசு எனப் பெயரிட்டார். பிரசீலிற் பிறந்து, ஆங்கிலேயக் கப்பலிற் கல்கத்தா சென்று, சென்னை வழியாக இங்கு வந்த பூச்சி, அறிவியல் உலகில் இலங்கையின் பூச்சியாயிற்று. குடியேற்ற ஆட்சிக்காலத்தின் பல "சுதேசப்" பொருள்களின் வரலாறும் இத்தகையதே.

ஆனால், இக்கதை இத்துடன் முடியவில்லை. சிலோனிக்கசு உணவுத் தெரிவில் மிகக் கண்டிப்பானது. ஓரினத்தை அழித்து மற்றோரினத்தைத் தொடாது விட்டது. அவ்வாறு தப்பியதே ஒப்பன்சியா டில்லெனி. நமது கரையோரங்களில் இன்று நாம் காண்பது இதுவே. ஓரினம் அழிந்த பின்னும் மற்றோரினம் நிலைத்துப் பரவியது. வட அமெரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியா சென்றிருந்த வேறொரு கொச்சினீல் இனம் 1924ஆம் ஆண்டு இலங்கைக்கும், இங்கிருந்து 1926ஆம் ஆண்டு தென்னிந்தியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிற் பெரும் பரப்பில் இருந்த நாகதாளிப் பற்றைகள் சில ஆண்டுகளிலேயே அழிந்தன. அந்நிலங்கள் மீண்டும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்டன. இங்குப் பூச்சியின் வரவு மக்களுக்கு நன்மையாகவே அமைந்தது என்பதை மறுத்தற்கில்லை.

அவுஸ்திரேலியாவின் அனுபவம்

அவுஸ்திரேலியாவுக்கு நாகதாளி சென்றதும் செஞ்சாயத்தின் பொருட்டே. 1788ஆம் ஆண்டு அங்கு இறங்கிய முதற் கப்பற்படையினர் வழியிற் பிரசீலிலிருந்து செடியையும் பூச்சியையும் ஏற்றிச்சென்றனர். சாயத்தொழில் வளரவில்லை. பின்னர் வேலிக்காகவும் தீனிக்காகவும் கொணரப்பட்ட வேறினமொன்று குவின்சுலாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் கட்டுக்கடங்காது பெருகி, 1925ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கரை மூடியது. குடியேறிகள் நிலங்களைக் கைவிட்டு வெளியேறினர்.

இதற்கு மாற்றுத் தேடி 1912ஆம் ஆண்டு உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆய்வுக்குழுவினர் இலங்கைக்கும் வந்தனர். இங்கிருந்து சிலோனிக்கசைக் கொண்டுசென்று ஓரினத்தை அழித்தனர். முதன்மைக் களையினத்தை வென்றது ஆர்சென்டினாவின் கக்டோபிளாசுட்டிசு என்னும் அந்துப்பூச்சி ஆகும். 1925ஆம் ஆண்டு கொணரப்பட்ட ஏறத்தாழ 2750 முட்டைகளிலிருந்து பெருக்கப்பட்ட அதன் புழுக்கள், 1930களின் முற்பகுதிக்குள் அப்பெருங்காட்டைத் தின்று தீர்த்தன. நன்றிகூர்ந்த மக்கள் பூனார்கா என்னுமிடத்தில் 1936ஆம் ஆண்டு அப்பூச்சியின் பெயரால் நினைவு மண்டபம் எழுப்பினர்.

அதே அந்துப்பூச்சி 1957ஆம் ஆண்டு கரீபியன் தீவான நேவிசில் விடப்பட்டது. பின்னர் தீவுக்குத் தீவு பரவி, 1989ஆம் ஆண்டு புளோரிடாவிற் காணப்பட்டது. 2006ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் கரையோரத் தீவொன்றிலும் தோன்றியது. பெரும் முயற்சியின் பின்னரே அங்கு ஒழிக்கப்பட்டது. ஒரு நாட்டில் மண்டபம் பெற்ற பூச்சி, நாகதாளியின் தாயகத்துக்கே அச்சுறுத்தலாயிற்று.

மடகாசுகர்: பஞ்சத்தின் வரலாறு

இதுவரை கூறியவற்றிலிருந்து, அயல்நாட்டுச் செடியை அழித்தல் எங்கும் நன்மையே என்று ஒருவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவை மறுப்பது மடகாசுகர்த் தீவின் தெற்குப் பகுதியான அந்துரோயின் வரலாறாகும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரெஞ்சுக்காரர் தமது கோட்டையொன்றின் காவலுக்காக அங்கு நாகதாளியை நட்டனர். ஒப்பன்சியா மொனகாந்தாவாகிய அச்செடி வரண்ட அந்துரோய் முழுவதும் பரவியது. அங்கு வாழும் அந்தாந்துரோய் மக்கள் மாடு வளர்ப்போர். "முட்களின் நாட்டார்" என்பதே அவர்தம் பெயரின் பொருள் என்பர். அவர்கள் இப்புதிய முள்ளைத் தமதாக்கிக் கொண்டனர். மழையற்ற மாதங்களில் தட்டுகளின் முட்களைத் தீயிற் பொசுக்கி மாடுகளுக்கு இட்டனர். மாட்டுக்கு அது தீனியும் நீருமாயிற்று. பழம் மனிதருக்கு உணவாயிற்று. ஊரைச் சூழ்ந்த முட்புதர் பகைவரைத் தடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியை அடிப்படுத்த வந்த பிரெஞ்சுப் படைக்கும் அப்புதர்கள் பெருந்தடையாயின.

ஆட்சியாளர் பார்வையில் அச்செடி இரட்டைக் குற்றம் புரிந்தது. படையைத் தடுத்தது ஒரு குற்றம். கூலியுழைப்புக்குப் போகாமலே மக்கள் வாழ வழிசெய்தது மற்றொரு குற்றம். அதனை ஒழிக்க வேண்டுமா, காக்க வேண்டுமா என்ற விவாதம் பிரெஞ்சு அதிகாரிகளிடையேயும் அறிவியலாளரிடையேயும் நிகழ்ந்தது. பெரியே டி லா பாத்தி என்னும் தாவரவியலறிஞர் அதனை ஒழிக்கவேண்டுமென்ற பக்கத்தில் நின்றார். 1920களின் நடுப்பகுதியிற் கொச்சினீல் பூச்சி மடகாசுகரிற் பரவியது. சில ஆண்டுகளுள் தெற்கின் நாகதாளிக் காடுகள் கரைந்து அழுகின. அடுத்து வந்த வரட்சியில் மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. மக்கள் பஞ்சத்தில் மாண்டனர். எஞ்சியோரிற் பலர் தொலைவிலுள்ள தோட்டங்களுக்குக் கூலிகளாகப் பெயர்ந்தனர்.

திருநெல்வேலியிலும் அந்துரோயிலும் நிகழ்ந்தவற்றை இனி ஒப்புநோக்கலாம். இரண்டிலும் வந்தேறிய செடி ஒன்று. இரண்டிலும் அதனை அழித்தது கொச்சினீல் பூச்சி. ஒன்றில் உழவன் தன் நிலத்தை மீளப்பெற்றான். மற்றொன்றில் இடையன் தன் உயிராதாரத்தை இழந்தான். செடியின் இயல்பினால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. அச்செடியோடு மக்கள் எவ்வகை உறவு பூண்டிருந்தனர் என்பதும், முடிவெடுத்தவர் யார் என்பதுமே அதனை விளக்குவன. களை என்பது தாவரவியல் வகுப்பன்று. அது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு வழங்குபவன் யார் என்று வரலாற்று மாணவன் வினவியே ஆகவேண்டும்.

இன்றைய நிலை

செஞ்சாய வணிகத்தின் முடிவையும் சுருங்கக் கூறலாம். 1820களிற் கொச்சினீல் வளர்ப்பைத் தொடங்கிய கனேரித் தீவுகள் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெருஞ்செல்வம் ஈட்டின. 1856ஆம் ஆண்டு பேர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதனைத் தொடர்ந்து வந்த மலிவான சாயங்கள் 1870களில் அத்தீவுகளின் பொருளாதாரத்தை வீழ்த்தின. வேலையற்றோர் கியூபா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். இன்று உணவுப்பண்டங்களுக்கும் ஒப்பனைப்பொருள்களுக்கும் நிறமூட்டும் அளவிலே கொச்சினீல் எஞ்சியுள்ளது. பேரு நாடு அதன் முதன்மை உற்பத்தியாளராக விளங்குகின்றது.

நாகதாளியோ மீண்டும் மதிப்புப் பெற்றுவருகின்றது. உலகம் வெப்பமடைந்து வரட்சி பெருகும் இக்காலத்தில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டு இதன் பயிர்ச்செய்கை பற்றிய விரிவான நூலொன்றை வெளியிட்டது. மடகாசுகரின் தெற்கில் அண்மையில் நேர்ந்த கடும் வரட்சியின்போது மக்களுக்கும் கால்நடைகளுக்கும் உணவும் நீரும் தந்தது நாகதாளியே என்பதை அந்நிறுவனம் எடுத்துக்காட்டியது. ஒருகாற் பயனற்றதென அழிக்கப்பட்ட செடியின் உறவினமே, நூற்றாண்டொன்று கழியுமுன் அதே மண்ணில் உயிர்காத்தது. மறுபுறத்தில், 2014ஆம் ஆண்டு மொறொக்கோவிற் கண்டறியப்பட்ட கொச்சினீல் இனமொன்று அங்குள்ள ஏழைக் கிராமங்களின் நாகதாளித் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. நமக்கு 1924ஆம் ஆண்டு நண்பனாக வந்த அதே இனம் அவர்களுக்குப் பகைவனாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வினா பழங்கதையன்று. 1990ஆம் ஆண்டு இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட புந்தல தேசிய வனத்தில், நாகதாளி சுதேசச் செடிகளை நெருக்கிப் பரவியுள்ளது. சீமைக்கருவேலும் அவ்வாறே. அங்கு அதனைக் கட்டுப்படுத்துவது அவசியமே. ஆகவே, நாகதாளியைப் போற்றுவதோ தூற்றுவதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. வரண்ட வலயத்துக்கு இதுவே மீட்பு என்று நாளை ஒருவர் திட்டம் கொணர்ந்தாலும், இது முற்றாக அழிக்கப்படவேண்டிய நஞ்சு என்று மற்றொருவர் வாதிட்டாலும், நாம் கேட்கவேண்டிய வினாக்கள் ஒன்றே. எந்த இனம்? எந்த நிலம்? அந்நிலத்தில் வாழ்வோர் அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? முடிவெடுப்போர் அவர்களைக் கேட்டனரா?

சைதாப்பேட்டையிலும் அந்துரோயிலும் கேட்கப்படாதது இந்தக் கடைசி வினாவே. முன்னதில் அதனால் அழிந்தது கம்பனியின் பணம். பின்னதில் அழிந்தது ஒரு மக்களின் வாழ்வு. ஆட்சியாளரின் தவறுக்கு எங்கும் ஒரே விலை செலுத்தப்படுவதில்லை. வலியற்றோரே கூடுதல் விலை கொடுக்கின்றனர் என்பதையே இம்முட்செடியின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. கடற்கரையோரத்து நாகதாளிப் பழத்தாற் சிவந்த சிறுவனின் வாயைக் காணும்போது, அச்சிவப்பின் பின்னே ஐந்நூறு ஆண்டுகளின் கதை உண்டென்பதை நாம் மறவாதிருப்போமாக.